ஓர் உருளைக்குள் இரு தீப்பொறிகள்

பதுளையிலிருந்து வரும் ஏ-5 வீதி எங்கள் செங்கலடிச் சந்தியில் முடிவடைகிறது. அங்கே ஓடும் வாகனங்களுள் 2009 இல் வெளிவந்த ஹொண்டா இன்சைட் வகைக் காரும் ஒன்று. அதன் பெற்றோல் இயந்திரத்தில் உருளைகள் நான்கு; தீப்பொறிச் செருகிகளோ எட்டு. நாம் பிளக் என்று சொல்வது இச்செருகியைத்தான். உருளைக்கு ஒன்று போதாதா?

பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவையைப் பிஸ்டன் மேலேறி நெருக்கும்போது பிளக் பொறியை உண்டாக்குகிறது. கலவை முழுவதும் அக்கணமே எரிந்துவிடாது. வைக்கோற் குவியலின் ஒரு முனையில் வைத்த தீ மறுமுனைக்குப் படர்வது போல, சுவாலை பொறியிலிருந்து விளிம்பு வரை பரவ வேண்டும். இயந்திரம் நிமிடத்துக்கு 3000 தடவை சுழலும்போது, பிஸ்டன் மேலிருந்து கீழே வர 10 மில்லி செக்கனே செல்கிறது. எரிதல் பிந்தினால் வெப்பம் புகைக்குழாய் வழியே வீணாகும். அதற்காகப் பொறியை மிக முன்கூட்டியே கொடுத்தால், மேலேறி வரும் பிஸ்டனையே வாயு எதிர்த்துத் தள்ளும்.

இரண்டு பிளக்குகளை எதிரெதிர்ப் பக்கங்களில் பொருத்துவது இதற்கொரு தீர்வு. சுவாலை செல்லவேண்டிய தூரம் குறைகிறது. எரிதல் விரைவில் முடிகிறது. தொலைவில் எஞ்சிய கலவை தானாகவே வெடித்து 'டொக் டொக்' என ஒலிக்கும் அபாயமும் குறைகிறது. ஹொண்டா நிறுவனம் 2001 இல் தனது பிட் காரில் இம்முறையை ஐ-டிஎஸ்ஐ என்ற பெயரில் புகுத்தியது. வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப, இரு பொறிகளும் ஒன்றன்பின் ஒன்றாகவோ ஒன்றாகவோ தோன்றும்படி கணினி கட்டுப்படுத்துகிறது. 2003 முதல் பஜாஜ் பல்சர் மோட்டார் சைக்கிள்களில் நாம் காணும் டிடிஎஸ்-ஐ என்ற எழுத்துகளும் இரட்டைப் பொறியையே குறிக்கின்றன.

இரண்டு பொறி என்பதால் வலு இருமடங்காகிவிடாது. பெற்றோலிலுள்ள சக்தி மாறுவதில்லை. அதில் வீணாகும் பங்குதான் குறைகிறது.

தோழியரே, இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. ஒரு பிளக் பழுதானாலும் மற்றது எரிக்கும், கார் ஓடும். ஆகவே பழுது உடனே தெரியாமல், பெற்றோல் மட்டும் கூடுதலாகச் செலவாகலாம். கைக்கு எட்டும் முன்வரிசை நான்கை மாற்றிவிட்டுப் பின்வரிசையை விட்டுவிட்டால் பயன் முழுமையாகாது. 2022 இல் ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பெற்றோல் பங்கிடப்பட்ட நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். வீட்டில் இத்தகைய கார் இருந்தால், கராஜுக்குப் போகும் வாப்பாவிடம் "எட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்" என்று நினைவூட்டுவோம்.