கண்ணாடி உடைந்தால் கணக்கு ஓடும்!
வீடியோ விளையாட்டில் நடக்கும் விந்தை

ஓர் இளம்பெண் மாடிக்கு மாடி தாவி ஓடுகிறாள். ஹெலிகாப்டர் அவளைத் துரத்துகிறது. குண்டுகள் பாய்கின்றன. ஜன்னல் கண்ணாடிகள் சுக்குநூறாகச் சிதறுகின்றன. தொங்கும் துணி கிழிந்து படபடக்கிறது.

இது சினிமா அல்ல, வீடியோ விளையாட்டு! பெயர், "மிரர்ஸ் எட்ஜ்". சுவீடன் நாட்டில் தயாரானது. கம்ப்யூட்டரில் ஆடுவதற்கு 2009-ம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது.

சினிமாவில் கண்ணாடி உடைவதை ஒரு தடவை படம் பிடித்தால் போதும். விளையாட்டில் அது நடக்காது. குண்டு எந்த இடத்தில் படும் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? ஆகவே, எந்தத் துண்டு எங்கே விழ வேண்டும் என்று அந்த நொடியிலேயே கணக்குப் போட வேண்டும்.

புள்ளி வைத்த துணி

துணிக்கும் கணக்கு உண்டு. கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல, துணி முழுவதும் புள்ளிகள் வைக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஸ்பிரிங்கால் கட்டியது போல இணைக்கிறார்கள். காற்று ஒரு புள்ளியைத் தள்ளினால், அது அடுத்த புள்ளியை இழுக்கும். இழுப்பு அளவு மீறினால் இணைப்பு அறும். துணி கிழியும்!

படம் துள்ளாமல் ஓட வினாடிக்கு 60 படங்கள் வேண்டும். அதற்குள் எல்லாப் புள்ளிகளுக்கும் கணக்கு முடிய வேண்டும்.

நூறு கைகள்

கல்யாண வீட்டில் தலைமைச் சமையல்காரர் கெட்டிக்காரர்தான். ஆனால் மூட்டை வெங்காயத்தை அவர் ஒருவரே உரிக்க முடியுமா? நூறு பேர் உட்கார்ந்தால் நொடியில் முடியும்.

கம்ப்யூட்டரின் பிராசசர் அந்தச் சமையல்காரர். கிராபிக்ஸ் கார்டுதான் அந்த நூறு பேர்! 2006-ல் வந்த "ஜீபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ்" கார்டில் 128 சிறு கணக்குப் பிரிவுகள் இருந்தன.

அதே 2006-ல் அமெரிக்காவின் "ஏஜியா" கம்பெனி, இந்தக் கணக்குக்கென்றே "பிசிக்ஸ்" என்ற தனிக் கார்டை விற்றது. விலை சுமார் 300 டாலர். வாங்கியவர்கள் குறைவு. 2008-ல் "என்விடியா" கம்பெனி ஏஜியாவை வாங்கியது. அந்த வேலையைத் தன் கிராபிக்ஸ் கார்டுகளிடமே ஒப்படைத்தது. தனிக் கார்டு தேவையற்றுப் போயிற்று.

புதிது தடுமாறியது

2025-ல் ஒரு வேடிக்கை நடந்தது. என்விடியாவின் புத்தம் புதிய "ஆர்டிஎக்ஸ் 50" வரிசைக் கார்டுகள் வந்தன. பழைய விளையாட்டுகள் பல "32 பிட்" முறையில் எழுதப்பட்டவை. அந்த முறையில் வரும் கணக்கைப் புதிய கார்டுகள் ஏற்கவில்லை. பாரம் மீண்டும் பிராசசர் தலையில் விழுந்தது.

விளைவு? கண்ணாடி உடைந்ததும் படம் திக்கித் திணறியது. பல ஆண்டுப் பழைய கார்டு வைத்திருந்தவரோ நிம்மதியாக ஆடினார்! சிலர் புதிய கார்டுக்குத் துணையாகப் பழைய கார்டையும் பொருத்திக்கொண்டார்கள். பணம் கொட்டி வாங்கியவர்கள் குமுறினார்கள்.

2025 டிசம்பரில் என்விடியா இறங்கி வந்தது. மிரர்ஸ் எட்ஜ் உள்பட சில விளையாட்டுகளுக்குப் பழைய வசதியைத் திருப்பிக் கொடுத்தது.

புதிய கார்டிலும் இப்போது கண்ணாடி ஒழுங்காக உடைகிறது!