திருப்பும்போது மட்டும் ஏன் ‘டக் டக்’?

கார் ஒன்று விநோதமான சத்தத்தோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால், அனுபவமுள்ள மெக்கானிக் உடனே பானெட்டைத் திறக்க மாட்டார். “எப்போ சத்தம் வருது?” என்றுதான் முதலில் கேட்பார். வண்டி ஓடும்போதா, நிற்கும்போதா? ஸ்டியரிங்கைத் திருப்பும்போதா? பிரேக் பிடிக்கும்போது மட்டுமா? பாதிக் கோளாறு இந்தக் கேள்விகளிலேயே பிடிபட்டுவிடும். எஞ்சின் சுழலும் வேகம் வேறு, சக்கரம் சுழலும் வேகம் வேறு. சத்தம் எதன் வேகத்தோடு கூடிக் குறைகிறதோ, அந்தப் பக்கம்தான் தேட வேண்டும்.

‘டக் டக்’கில் தொடங்குவோம். சிறிய கார்கள் பலவற்றில் எஞ்சினின் விசை முன்சக்கரங்களுக்குப் போகிறது. அந்தச் சக்கரங்கள் சுழலவும் வேண்டும், இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். நேரான இரும்புத் தண்டு இதை எப்படிச் சமாளிக்கும்? நடுவில் ஒரு மூட்டு வேண்டும். லாரிக்கு அடியில் இருக்கும் நீளத் தண்டில் ஒரு பழைய வகை மூட்டைப் பார்க்கலாம். 17ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்து அறிவியலாளர் ராபர்ட் ஹூக்கின் பெயரால் அதை அழைக்கிறார்கள். அதில் ஒரு குறை உண்டு. மூட்டு மடங்கியிருக்கும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். அதை முன்சக்கரத்தில் மாட்டினால், வளைவுகளில் ஸ்டியரிங் உதறும்.

1920களில் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ரெஸெப்பா என்ற பொறியாளர் இதற்கு வழி கண்டார். ஒரு கிண்ணம், அதற்குள் ஓர் உருண்டை, இரண்டிலும் வளைந்த பள்ளங்கள், பள்ளங்களுக்கு நடுவே ஆறு எஃகுக் குண்டுகள். தண்டு மடங்கியிருந்தாலும் இரு பக்கமும் ஒரே வேகத்தில் சுழலும். காரிலேயே மிக அழகான பொறி எது என்று கேட்டால், எஞ்சினை விட்டுவிட்டு இதைத்தான் காட்டுவேன்.

இந்த மூட்டை ‘பூட்’ என்ற ரப்பர் உறை மூடியிருக்கும். உறை கிழிந்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியே தெறித்துவிடும். மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். பள்ளங்கள் தேய்ந்துபோகும். கார் நேராக ஓடும்போது குண்டுகள் அதிகம் நகர்வதில்லை. திருப்பும்போதோ ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னுமாக உருள வேண்டும். தேய்ந்த இடத்தில் ‘டக்’கென்று இடிக்கும். உறையை மட்டும் மாற்றுவது சின்னச் செலவு. விட்டுவைத்தால் மூட்டையே மாற்ற வேண்டிவரும்.

சரி, சத்தமே இல்லாமல் கை மட்டும் நடுங்கினால்? இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். சிறிய காரின் டயர் ஒருமுறை சுழன்றால் ஏறத்தாழ 1.8 மீட்டர் நகரும். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். 25ஐ 1.8ஆல் வகுங்கள்: நொடிக்குச் சுமார் 14 சுற்று. நொடிக்கு 20க்குக் குறைந்த அதிர்வு நம் காதுக்குக் கேட்காது. ஆனால் கைக்குத் தெரியும்!

சக்கரத்தின் ஒரு பக்கம் வெறும் 20 கிராம் கூடுதலாக இருந்தாலே, அந்த வேகத்தில் அது இரண்டரைக் கிலோவுக்கும் மேலான எடையின் விசையோடு வெளிப்பக்கம் இழுக்கும். வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். அதனால்தான் ஊருக்குள் மெதுவாகப் போகும்போது நடுக்கம் தெரிவதில்லை. நெடுஞ்சாலையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உதறிவிட்டு, அதைத் தாண்டினால் நடுக்கம் குறைவதும் உண்டு. சக்கரமும் அதைத் தாங்கும் ஸ்பிரிங், டயர் எல்லாமும் சேர்ந்து தமக்கென ஓர் இயல்பான அதிர்வு வேகம் வைத்திருக்கின்றன. சக்கரத்தின் சுழற்சி அதோடு ஒத்துப்போகும்போது நடுக்கம் பெரிதாகிறது. இதற்குப் பெயர் ஒத்ததிர்வு. ‘வீல் பாலன்ஸிங்’ செய்யும் இடத்தில் சக்கர விளிம்பில் சின்ன உலோகத் துண்டு ஒட்டுவார்களே, அது இந்தச் சில கிராம்களைச் சமன் செய்யத்தான். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால், பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும்.

‘ஊஊ’ என்ற முனகல் வேகத்தோடு ஏறினால், சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். இடப்பக்கம் வளையும்போது காரின் பாரம் வலப்பக்கச் சக்கரங்கள் மேல் சாய்கிறது. அப்போது முனகல் கூடினால், பெரும்பாலும் வலப்பக்க பேரிங்தான் தேய்ந்திருக்கும்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைச் சுற்றும்போது முனகினால் விஷயம் வேறு. ஆயிலில் இயங்கும் பவர் ஸ்டியரிங் என்றால், ஆயில் குறைந்து காற்றுக் குமிழி புகுந்திருக்கலாம். இளநீர் தீரும்போது ஸ்ட்ரா போடும் சத்தமும் இப்படித்தான் வருகிறது. இப்போதைய கார்கள் பலவற்றில் ஆயிலுக்குப் பதில் மின்மோட்டார் இருப்பதால் அங்கே இந்தக் கதை கிடையாது.

அடுத்த முறை காரில் போகும்போது ஏதாவது சத்தம் கேட்டால், அப்போது என்ன வேகம், எந்தப் பக்கம் திரும்பினார்கள், பிரேக் பிடித்தார்களா என்று குறித்துவைத்து அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள். காருக்கு அடியில் மட்டும் நீங்கள் எட்டிப் பார்க்க வேண்டாம். அது மெக்கானிக்கின் வேலை.