ஒரே பெயர், இரண்டு கோப்புகள்

நாமக்கல் பக்கம் எங்கள் பள்ளி ஆய்வகத்தின் லினக்ஸ் சர்வரில் இரு மாணவிகள் தம் இணையப் பக்கங்களைச் சேமித்திருந்தனர். இருவரும் ஆங்கிலத்தில் இட்ட பெயர் ‘கொல்லிமலை’. ஒருத்தி முதல் எழுத்தைப் பெரியதாகவும், மற்றவள் சிறியதாகவும் எழுதியிருந்தாள். லினக்ஸுக்கு அவை வெவ்வேறு கோப்புகள். விண்டோஸுக்கு வழக்கமாக இரண்டும் ஒன்றே. விண்டோஸ் கணினிக்கு நகலெடுக்கையில், ‘பழையதற்குப் பதில் புதியதை வைக்கவா?’ என்ற கேள்விக்கு யோசிக்காமல் ‘ஆம்’ என்றேன். ஒருத்தியின் உழைப்பு மறைந்தது. சர்வரில் மூலக்கோப்பை நீக்காததால் தப்பினோம்.

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போனால் சிக்கல் வேறு: படத்தின் பெயரும் பக்கத்திலுள்ள இணைப்பும் ஓரெழுத்து மாறினாலும் படம் தோன்றாது.

வகுப்பில் இரண்டு கவிதா இருந்தால் தலைப்பெழுத்தால் பிரிக்கிறோம் அல்லவா? அதுபோல, கோப்புப் பெயர்களைச் சிறிய எழுத்தில், மாணவர் வரிசை எண்ணுடன் இடச் சொல்லுங்கள். இணைப்புகளையும் அதற்கேற்பத் திருத்துங்கள். இருபுறமும் கோப்புகளை எண்ணிப் பார்த்த பின்பே பழையதை நீக்குங்கள்.