ஒன்பது வருடம் காத்திருந்து எடுத்த காதல் படங்கள்

சினிமாவில் ஒருவருக்கு வயதாவதைக் காட்ட எனக்குத் தெரிந்து மூன்று வழிகள்தான். ஒன்று மேக்கப். 'வாரணம் ஆயிரம்' (2008) படத்தில் சூர்யா அப்பாவாகவும் மகனாகவும் வந்தது அப்படித்தான். இரண்டாவது, ஆளை மாற்றுவது. சத்யஜித் ராயின் மூன்று அப்பு படங்களிலும் (1955, 1956, 1959) சேர்த்து அப்புவாக நான்கு பேர் நடித்திருக்கிறார்கள். மூன்றாவது வழியை யாரும் சுலபத்தில் எடுக்க மாட்டார்கள். நடிகர்களுக்கு நிஜமாகவே வயதாகும்வரை சும்மா காத்திருப்பது.

அமெரிக்க இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் அந்த மூன்றாவது வழியில் போனவர். 'பிஃபோர் சன்ரைஸ்' 1995-ல் வந்தது. 'பிஃபோர் சன்செட்' 2004-ல். 'பிஃபோர் மிட்நைட்' 2013-ல். மூன்றிலும் அதே ஈத்தன் ஹாக், அதே ஜூலி டெல்பி. ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் ஒன்பது வருடம்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன் (கதை தெரிந்தால் கெட்டுப்போகிற படங்கள் இல்லை). ஜெஸ்ஸி என்ற அமெரிக்கப் பையனும் செலின் என்ற பிரெஞ்சுப் பெண்ணும் ரயிலில் சந்திக்கிறார்கள், வியன்னாவில் இறங்குகிறார்கள், விடியும்வரை ஊரைச் சுற்றிக்கொண்டு பேசுகிறார்கள். ஆறு மாதம் கழித்து இதே இடத்தில் சந்திப்போம் என்று பிரிகிறார்கள். போன் நம்பர்கூட வாங்கிக்கொள்வதில்லை. இரண்டாவது படத்தில் பாரிஸ் புத்தகக் கடை ஒன்றில் மறுபடி பார்க்கிறார்கள். அவனுடைய விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருக்கிறது. படம் ஓடும் சுமார் 80 நிமிடம்தான் அவர்களுக்கும் இருக்கும் நேரம். மூன்றாவதில் இருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள், இரட்டைப் பெண் குழந்தைகள், கிரீஸில் விடுமுறை, ஒரு பெரிய சண்டை.

அவ்வளவுதான் கதை. சண்டைக்காட்சி இல்லை, வில்லன் இல்லை. பேச்சு, பேச்சு, பேச்சு. இதற்கு எப்படி உலகம் முழுக்க இவ்வளவு ரசிகர்கள்?

வழக்கமாகச் சொல்லும் பதில், வசனம் இயல்பாக இருக்கிறது என்பது. உண்மைதான். இரண்டாவது, மூன்றாவது படங்களின் திரைக்கதையில் நடிகர்கள் இருவருக்குமே பங்கு உண்டு, இரண்டுமே ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டன. ஆனால் இயல்பான வசனம் உள்ள படங்கள் எத்தனையோ இருக்கின்றன. என் பதில் வேறு. ரசிகர்கள் விரும்புவது படங்களை மட்டுமல்ல, படங்களுக்கு நடுவில் இருக்கும் அந்த ஒன்பது வருடங்களையும் சேர்த்துத்தான். அந்த வருடங்களை யாரும் படம் எடுக்கவில்லை. அவற்றை நாமே வாழ்ந்து நிரப்புகிறோம். இரண்டாவது படத்தில் ஈத்தன் ஹாக்கின் கன்னம் ஒட்டிப்போயிருப்பதைப் பார்க்கும்போது, 'ஐயோ, இவனுக்கு என்ன ஆச்சு' என்று தோன்றும். அடுத்த நொடி, நமக்கு என்ன ஆச்சு என்ற கேள்வி வந்துவிடும்.

நம்ம ஊரில்?

தமிழில் இப்படி ஒரு மூன்று பட வரிசை இல்லை. நம் ஹீரோக்களுக்கு வயதாவதே அபூர்வம். ஆனால் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை, இருப்பதை வைத்துத் தாங்களே ஒன்றைக் கோத்துக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு. அந்த வரிசையின் பெயர் த்ரிஷா.

2010 பிப்ரவரியில் 'விண்ணைத்தாண்டி வருவாயா'. ஜெஸ்ஸி கார்த்திக்கை விட்டுப் போய்விடுகிறாள். அதே நாளில் வந்த தெலுங்குப் படத்தில், வேறு நடிகர்களோடு, காதலர்கள் சேர்ந்துவிட்டார்கள். நமக்குப் பிரிவுதான் கிடைத்தது, அந்தப் புண் ஆறவே இல்லை. 2018-ல் '96'. பள்ளி முடித்து 22 வருடம் கழித்து நண்பர்கள் ஒன்றுகூடும் நிகழ்ச்சி, அதற்குப் பிறகு ராமுக்கும் ஜானுவுக்கும் ஒரே இரவு, விடிந்தால் அவளுக்கு சிங்கப்பூர் விமானம். 'பிஃபோர் சன்செட்' பார்த்தவர்களுக்கு அந்தக் கடிகாரம் பழக்கமானது. பள்ளிப் பருவ ராமும் ஜானுவும் வேறு நடிகர்கள், அதாவது இது இரண்டாவது வழியில் எடுத்த படம். ஆனால் பார்த்தவர்களில் பாதிப் பேர் ஜானுவின் முகத்தில் எட்டு வருடம் முந்தைய ஜெஸ்ஸியைத் தேடினார்கள். நானும் தேடினேன். இயக்குநர் பிரேம்குமார் அதற்குப் பொறுப்பில்லை, அது எங்கள் வேலை.

பிறகு 2020 மே, ஊரடங்கு. கௌதம் மேனன் 'கார்த்திக் டயல் செய்த எண்' என்று ஒரு குறும்படம் வெளியிட்டார். சுமார் 12 நிமிடம், வீட்டிலேயே போனில் எடுத்தது. பத்து வருடம் கழித்து கார்த்திக் ஜெஸ்ஸியைக் கூப்பிடுகிறான். இது சந்தேகமில்லாமல் மூன்றாவது வழி: அதே சிம்பு, அதே த்ரிஷா, மேக்கப்பில் வராத பத்து வருடம். வரவேற்பு இரண்டு விதமாக இருந்தது. கல்யாணமாகிக் குழந்தை இருக்கும் பெண்ணை இவன் ஏன் கூப்பிட வேண்டும் என்று பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தையும் நான் அன்பின் கணக்கில்தான் சேர்ப்பேன். நாம் மனதில் நிறுத்தி வைத்திருந்த ஜெஸ்ஸி நம்மைக் கேட்காமல் முன்னே போய்விட்டாள் என்ற கோபம் அது.

மூன்றாவது படம் ஏன் கசக்கிறது

இதே கோபம் 'பிஃபோர் மிட்நைட்' மேலும் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது.

எனக்கு ஊர் பொங்கலூர். முதல் இரண்டு படங்களையும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குச் சேர்ந்த புதிதில், அறை நண்பனிடம் இருந்த டிவிடியில் பார்த்தேன். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு மேல் அறைக்கு வந்தவனுக்கு, இரண்டு பேர் ஒரு ராத்திரி முழுக்க வேலை வெட்டி இல்லாமல் பேசிக்கொண்டு நடக்கலாம் என்பதே பெரிய கற்பனையாக இருந்தது. வியன்னா அப்புறம்தான். இங்கே வெளிச்சம் இருக்கிற நேரமெல்லாம் கம்பெனிக்குள் போய்விடும். மிச்சம் ஞாயிற்றுக்கிழமை.

மூன்றாவது படம் வந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். பிடிக்கவில்லை. ஹோட்டல் அறைச் சண்டையில் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். காதலர்களைச் சேர்த்து வைத்துவிட்டு இப்படி அடித்துக்கொள்ள விடலாமா?

நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு ஞாயிறு, மனைவியோடு உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். சண்டையின் விஷயம் இதுதான்: அவன் முதல் மனைவியின் மகனுக்காக சிகாகோ போய்விடலாமா என்று யோசிக்கிறான். அவளுக்கு பாரிஸில் நல்ல வேலை ஒன்று கிடைக்கும் நிலை. யார் வேலையை யார் விடுவது? மனைவி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "எனக்கு கோயமுத்தூர்ல வேலை கிடைச்சப்ப நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குங்களா?"

இருந்தது. பாப்பா சின்னது, பிறகு பார்த்துக்கலாம் என்று சொன்னேன். அந்தப் 'பிறகு' வரவேயில்லை. அன்றைக்கு நாங்கள் சண்டை போடவும் இல்லை, இரண்டு நாள் பேசாமல் இருந்தோம், அவ்வளவுதான். "இவங்க பரவால்லைங்க, சண்டையாவது பேசிப் போடறாங்க" என்றாள்.

அந்தச் சண்டை முடிகிற விதம் எனக்கு இப்போதுதான் புரிந்தது. கோபித்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தவளிடம் அவன் காலப்பயணி போல நடித்துக்கொண்டு வருகிறான். 82 வயதான செலின் எழுதிய கடிதம் என்று ஒன்றை வாசித்துக் காட்டுகிறான். முதல் படத்தில் அவளை ரயிலிலிருந்து இறங்க வைக்கவும் இதே விளையாட்டைத்தான் விளையாடினான், வருடங்கள் கழித்துத் திரும்பிப் பார்க்கும் ஒரு பெண்ணாக உன்னை நினைத்துக்கொள் என்று. 23 வயதில் அது பெண்ணை அசத்தும் தந்திரம். 41-ல் மன்னிப்புக் கேட்கும் வழி. வசனம் மாறவில்லை, முகங்களும் நாமும் மாறியிருக்கிறோம். மேக்கப் போட்டோ ஆளை மாற்றியோ எடுத்திருந்தால் இந்த இடம் இப்படி வந்திருக்காது.

ஒன்பது வருடக் கணக்குப்படி நான்காவது படம் 2022-ல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரசிகர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கு அவசரமில்லை. எங்கள் வீட்டில் கோயமுத்தூர் வேலையைப் பற்றிய பேச்சே பதிமூன்று வருடம் கழித்து இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.

நீங்கள் பார்ப்பதாக இருந்தால் ஒரு யோசனை: மூன்றையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள். முதல் படத்தைப் பார்த்துவிட்டு, அடுத்ததைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். மூன்றாவதை, யாரிடம் ஏதாவது சொல்லாமல் விட்டிருக்கிறீர்களோ அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.