உங்களுக்குத் தெரியுமா? எஞ்சின் ஒன்று, ஓட்டம் வேறு!

◆ திருவையாற்று வயலில் தண்ணீர் இறைக்கும் 5 ஹெச்பி மோட்டார் 200 சேர்ந்தால் என்ன பலமோ, அது ஒரு ஃபார்முலா ஒன் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஏறத்தாழ 1,000 ஹெச்பி! எஞ்சின் அளவோ வெறும் 1.6 லிட்டர். கடைத்தெருவில் நிற்கும் குடும்பக் கார் சிலவற்றுக்கும் இதே அளவுதான்.

◆ மோட்டார் பம்புக்குப் பேர்போன கோவைதான் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரர் நரேன் கார்த்திகேயனுக்கும் ஊர். 2005இல் ஜோர்டான் அணிக்கு ஓட்டினார். எஞ்சின், டொயோட்டாவின் 10 சிலிண்டர், 3 லிட்டர். அதே ஆண்டு டொயோட்டாவின் சொந்த அணி 88 புள்ளிகளோடு நான்காம் இடம். ஜோர்டான் 12 புள்ளிகளோடு ஒன்பதாம் இடம். அந்த 12இல் 11 ஒரே நாளில் வந்தவை. இந்தியானாபொலிஸ் பந்தயத்தில் டயர் கோளாறால் மிஷலின் டயர் போட்ட அணிகள் எல்லாம் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடின. நரேனுக்கு நான்காம் இடம், 5 புள்ளி.

◆ 2010இல் சென்னையின் கருண் சந்தோக் ஹிஸ்பானியா அணியில் ஓட்டினார். காஸ்வொர்த் எஞ்சின், 2.4 லிட்டர், 8 சிலிண்டர். அந்த எஞ்சினை வாங்கிய அணிகள் நான்கு. மூன்று அணிகளுக்குப் புள்ளிக் கணக்கே தொடங்கவில்லை. நான்காவதான வில்லியம்ஸ் 69 புள்ளி எடுத்ததோடு, பிரேசிலில் தகுதிச் சுற்றில் முதலிடமும் பிடித்தது. ஆற்றோர போர்வெல்லில் தண்ணீர் கொட்டும் மோட்டாரை மேட்டுக் கொல்லையில் மாட்டிவிட்டு, மோட்டார் சரியில்லை என்றால் எப்படி?

◆ எஞ்சின் போட்டியே வேண்டாம் என்று முடிவு செய்தவர் கோவை கரிவரதன். மாருதி 800இன் 796 சிசி எஞ்சினையே எல்லாருக்கும் வைத்து ‘ஃபார்முலா மாருதி’ கார்களை உருவாக்கினார். நரேன் பழகியது அதில்தான்.

◆ எதிரணியின் எஞ்சினைத் திறந்து பார்க்க முடியாது. பிறகு எப்படி எடை போடுகிறார்கள்? காதால்! கார் கேமராவில் பதிவாகும் சத்தத்தின் சுருதியை அலசினால், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, எந்த கியர் என்று தெரிந்துவிடும். 6 சிலிண்டர் எஞ்சின் 12,000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 600 முறை எரிபொருள் வெடிக்கும். சுருதி அங்கே நிற்கும். (இசை ஆராதனை நடக்கும் திருவையாற்றுக்காரர்களுக்கு இது எளிதாகவே புரியும்.) அதோடு ஜிபிஎஸ் வேகத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இதிலும் ஒரு பொறி உண்டு: இறக்கையைச் சிறிதாக வைத்த கார், காற்றின் தடை குறைந்து நேர்ப்பாதையில் சீறும். பார்ப்பவருக்கு எஞ்சின்தான் பலசாலி என்று தோன்றும்.

◆ 2014இல் மின்மோட்டாரும் சேர்ந்த கலப்பின (ஹைப்ரிட்) எஞ்சின் வந்ததும் 19 பந்தயங்களில் 16ஐ மெர்சிடிஸ் அணி அள்ளியது. டர்போவின் இரு பாதிகளைப் பிரித்து, எஞ்சினுக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று வைத்தது அதன் சாமர்த்தியங்களில் ஒன்று. 2017இல் அந்த எஞ்சின் சோதனைக்கூடத்தில் எரிபொருளின் வெப்பத்தில் பாதிக்கு மேல் வேலையாக மாற்றிக் காட்டியது.

◆ 2026 விதிப்படி சக்கரத்தை ஓட்டும் மின்மோட்டாரின் பலம் 120 கிலோவாட்டிலிருந்து 350க்கு ஏறியிருக்கிறது. நம் கணக்கில் 5 ஹெச்பி மோட்டார் 94! மெர்சிடிஸ் எஞ்சினை இப்போது வைத்திருப்பவை மெர்சிடிஸ், மெக்லாரன், வில்லியம்ஸ், அல்பைன். புள்ளிப் பட்டியலில் இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.