ஓப்பன்... சேவ்... ஐயோ!

ஒரு சின்ன டெஸ்ட். நோட்பேடைத் திறந்து மனசுக்குத் தோன்றியதை நாலு வரி டைப் அடியுங்கள். ஏற்கெனவே இருக்கிற ஏதாவது ஒரு ஃபைலின் பெயரையே கொடுத்து சேவ் பண்ணுங்கள். ‘இந்தப் பேர்ல ஒண்ணு இருக்கே, அழிச்சிட்டு இதை வெச்சிடட்டுமா?’ என்று கேட்கும். நீங்கள் பதறிப்போய் ‘நோ’ அமுக்குவீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டது யார்? நோட்பேடா? இல்லை பாஸ், விண்டோஸ்!

இந்த வித்தியாசம் தெரியாமல் நானும் என் ப்ராஜெக்ட் பார்ட்னரும் பட்ட பாடு இருக்கிறதே... காலேஜில் என்.எஸ்.எஸ். சார்பாக ரத்த தானம் செய்பவர்கள் லிஸ்ட் ஒன்று வைத்திருந்தார்கள். பேர், ப்ளட் க்ரூப், போன் நம்பர் என்று நோட்டில் இருந்ததை ‘நாங்க சாஃப்ட்வேர் ஆக்கித் தர்றோம் சார்’ என்று வாங்கி, ஜாவாவில் ஒரு ப்ரோக்ராம் எழுதினோம். மொத்தம் 340 பேர். பார்க்க பளபளவென்று இருந்தது. ஒருநாள் சாயங்காலம் ஜூனியர் பெண் ஒருத்தி டெஸ்ட்டுக்காக ஆறு பேரை என்ட்ரி போட்டு, சேவ் பண்ணும்போது லிஸ்ட்டில் கண்ணில் பட்ட பழைய பெயரையே க்ளிக் செய்துவிட்டாள். எந்தக் கேள்வியும் வரவில்லை. 340 போய் 6 ஆனது.

‘தப்பு பண்ணினா அதுவே கேட்கும்ல, அதான் தைரியமா அமுக்கினேன்’ என்றாள். அவள் மேல் கோபப்பட எங்களுக்கு வாயே வரவில்லை. அவள் நம்பியது சரிதான். பல வருஷமாக எல்லா சாஃப்ட்வேரும் கேட்கிறது. எங்களுடையது மட்டும் கேட்கவில்லை. நோட்டையும் யாரோ பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். அடுத்த மூன்றாம் நாள் ‘பி நெகட்டிவ் யாராவது இருக்காங்களா?’ என்று ஒரு போன். ஞாபகத்தில் இருந்த இரண்டு பேரைத் தேடி ஹாஸ்டல் முழுக்க ஓடினோம். ஒருத்தன் ஊருக்குப் போயிருந்தான். இன்னொருத்தன் கிரவுண்டில் கிடைத்தான். அன்றைக்குப் பிழைத்தோம்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஃபைலைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்ன ஜன்னல் திறக்கிறதே, அதற்குப் பெயர் ஃபைல் டயலாக். (பஞ்ச் டயலாக் இல்லை, அது வேறு!) இந்த ஜன்னலை இரண்டு வழியில் கொண்டு வரலாம். ஆபரேட்டிங் சிஸ்டத்திடம், ‘அண்ணே, உங்க ஜன்னலைக் கொஞ்சம் திறங்க’ என்று கேட்பது ஒன்று. இதுதான் நேட்டிவ் டயலாக். ‘நானே வரைஞ்சுக்கறேன்’ என்று உங்கள் மென்பொருளே பட்டன், லிஸ்ட் எல்லாம் போட்டுக் கொள்வது இன்னொன்று.

ஆப்பிளின் மெக்கின்டாஷ் 1984-ல் வந்தபோதே ஃபைல் ஜன்னலை எல்லா மென்பொருளுக்கும் பொதுவாக வைத்துவிட்டது. விண்டோஸில் 1992-ல் வந்த 3.1-தான் பொதுவான டயலாக்குகளைக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஆளாளுக்கு ஒரு டிசைன். ஜாவாவும் 1996-ல் நல்ல பிள்ளையாக நேட்டிவ் டயலாக்கைத்தான் கொடுத்தது. அதன் பெயர் ‘ஃபைல் டயலாக்’. பிறகு 1998-ல் ஸ்விங் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதில் ஓடினாலும் ஒரே முகம் காட்டவேண்டும் என்று எல்லாவற்றையும் தானே வரைந்தது. அதில் வந்ததுதான் ‘ஜே ஃபைல் சூஸர்’. நாங்கள் நம்பி ஏமாந்த புண்ணியவான் இவர்தான். பழைய ஃபைல் மேல் எழுதும்போது, நாமாக கோட் எழுதிக் கேட்கச் சொன்னால் ஒழிய இவர் கேட்கவே மாட்டார்.

அழிந்துபோவது மட்டுமில்லை. உங்கள் பயனர் எக்ஸ்ப்ளோரரின் இடது பக்கத்தில் தனக்கு வேண்டிய ஃபோல்டரைப் பின் பண்ணி வைத்திருப்பார். நேட்டிவ் ஜன்னலில் அது தெரியும். நீங்கள் வரைந்த ஜன்னலில் தெரியாது. கண் தெரியாதவர்களுக்கு ஸ்க்ரீன் ரீடர் படித்துக் காட்டுவதும் அப்படித்தான். சிஸ்டத்தின் ஜன்னலில் அந்த வேலையை ஏற்கெனவே யாரோ பார்த்து வைத்திருக்கிறார்கள். உங்களுடையதில் நீங்கள்தான் பார்க்க வேண்டும். செமஸ்டருக்கு நடுவில் யார் பார்ப்பது?

அப்போ எதைப் பயன்படுத்துவது? ஜாவா என்றால் பழைய ‘ஃபைல் டயலாக்’ இன்னமும் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு குசும்பு. ‘படங்களை மட்டும் காட்டு’ என்று ஃபில்டர் போட்டால் விண்டோஸில் அது வேலை செய்யாது. ஜாவாவின் கையேட்டிலேயே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்! ஃபில்டர் வேண்டுமென்றால் ஜாவா எஃப்.எக்ஸ். பக்கம் போங்கள், அதன் ‘ஃபைல் சூஸர்’ நேட்டிவ். பைத்தானில் டி.கே.இன்டர் விண்டோஸிலும் மேக்கிலும் சிஸ்டம் ஜன்னலையே திறக்கும், லினக்ஸுக்குப் போனால் தானே வரைந்த பழைய காலத்து ஜன்னலைக் காட்டும். லேபில் உபுண்டு, வீட்டில் விண்டோஸ் என்று மாறி மாறி வேலை பார்க்கிறவர்கள் ‘ஏன் இங்கே மட்டும் அசிங்கமா இருக்கு?’ என்று குழம்புவது இதனால்தான். க்யூட்டி, எலெக்ட்ரான் இரண்டும் கேட்காமலேயே நேட்டிவைக் கொடுத்துவிடும்.

லினக்ஸ் கதை தனி. அங்கே ‘சிஸ்டத்தின் ஜன்னல்’ என்று ஒன்றே ஒன்று கிடையாது. க்னோம் ஆட்கள் ஜி.டி.கே.யில் ஒன்று, கே.டி.இ. ஆட்கள் க்யூட்டியில் ஒன்று. ஜி.டி.கே. ஜன்னலில் போட்டோக்களைக் கட்டம் கட்டமாகக் குட்டிப் படங்களாகக் காட்டச் சொல்லி 2004-ல் கோரிக்கை வைத்தார்கள். 2022 கடைசியில்தான் அந்த கோட் சேர்ந்தது. பதினெட்டு வருஷம்! கோரிக்கை வைத்த அன்று பிறந்த குழந்தை காலேஜில் சேர்ந்திருக்கும்.

ஃப்ளாட்பேக் மாதிரி பெட்டிக்குள் அடைத்துத் தரும் மென்பொருள்கள் வந்தபிறகு விஷயம் இன்னும் சுவாரஸ்யமாகிவிட்டது. அங்கே உங்கள் மென்பொருளுக்குப் பயனரின் ஃபோல்டரைப் பார்க்கவே அனுமதி இல்லாமல் இருக்கலாம். ‘போர்ட்டல்’ என்ற இடைத்தரகர் வெளியே நின்று ஜன்னலைத் திறப்பார். பயனர் எந்த ஃபைலைத் தொட்டாரோ, அதை மட்டும் உள்ளே தள்ளிவிடுவார். வீட்டு வாசலில் நின்று புக்கை வாங்கிக்கொண்டு போகிற மாதிரி. மேக்கிலும் சாண்ட்பாக்ஸ் மென்பொருள்களுக்கு இதே ஏற்பாடு. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் நீங்கள் எழுதும் வீடியோ ப்ளேயர், படத்தின் பக்கத்திலேயே இருக்கிற சப்டைட்டில் ஃபைலைத் தானாகத் தேடினால் கிடைக்காது. படத்தைத்தானே தொட்டார், சப்டைட்டிலைத் தொடவில்லையே!

நம்மூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு ஸ்பெஷல் பிரச்னை. விண்டோஸில் சி++ எழுதுகிறவர்களுக்கு ஃபைல் டயலாக் ஃபங்ஷன் இரண்டு உருவத்தில் வரும். பெயரின் கடைசியில் ‘ஏ’ இருப்பது பழசு, ‘டபிள்யூ’ இருப்பது யூனிகோடு. பழைய ஆன்சி முறையில் தமிழுக்கென்று இடமே ஒதுக்கவில்லை. அதனால் ‘ஏ’ போட்டு, ‘அம்மா’ என்று தமிழில் பெயர் வைத்த ஃபைலைத் தேர்ந்தெடுத்தால், வழக்கமான செட்டிங்கில் உங்கள் கைக்கு வருவது வெறும் கேள்விக்குறிகள். அந்தப் பெயரில் ஃபைல் எங்கே இருக்கும்? திறக்காது. ‘டபிள்யூ’ போடுங்கள், தமிழ் பத்திரமாக வந்து சேரும்.

நேட்டிவ் வந்தாச்சு, இனி நிம்மதி என்று கால் நீட்டிவிடாதீர்கள். விண்டோஸின் பழைய சேவ் டயலாக்கில் ‘கேள்வி கேள்’ என்று ஒரு ஃப்ளாக் போட்டால்தான் கேட்கும். ஜி.டி.கே. 3-லும் நீங்கள் ஆன் பண்ண வேண்டும். இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று இருக்கிறது. பயனர் ‘லிஸ்ட்’ என்று மட்டும் டைப் அடிக்கிறார். அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று டயலாக் பேசாமல் விட்டுவிடுகிறது. அதன்பிறகு உங்கள் கோட் கடைசியில் சி.எஸ்.வி. என்ற வாலை ஒட்டுகிறது. ‘லிஸ்ட் டாட் சி.எஸ்.வி.’யோ ஏற்கெனவே இருக்கிறது. சத்தமில்லாமல் காலி! எந்த வால் வேண்டும் என்பதை டயலாக்கிடமே முதலில் சொல்லிவிடுங்கள். முடியாவிட்டால், வாலை ஒட்டியபிறகு நீங்களே ஒருமுறை பார்த்துக் கேளுங்கள்.

அப்புறம் அந்த ‘கேன்சல்’ பட்டன். அதை அமுக்கினால் ஜாவாவில் நல் வரும், பைத்தானில் காலி ஸ்ட்ரிங் வரலாம், சில சமயம் காலி டியூப்பிளும் வரும். இதைப் பார்க்காமல் நேராக ஃபைலைத் திறக்கப் போனால் எக்ஸப்ஷன் எட்டிப் பார்க்கும். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர்கள் வைவாவில் முதலில் அமுக்குவது இந்த பட்டனைத்தான். எங்கே சொல்லிக் கொடுக்கிறார்களோ தெரியவில்லை!

எங்கள் லிஸ்ட் என்ன ஆனது என்கிறீர்களா? ஒரு பென் டிரைவில் பழைய காப்பி ஒன்று இருந்தது, அதில் 190 பேர். மீதிப் பேருக்காக இரண்டு வாரம் லஞ்ச் டைமில் நோட்டும் பேனாவுமாக க்ளாஸ் க்ளாஸாக ஏறி இறங்கினோம். 312 வரைக்கும் வந்தது. அந்த ஜூனியர் பெண்தான் முன்னால் நடந்து, ‘அண்ணா, உங்க ப்ளட் க்ரூப் என்ன?’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினாள். மிச்சம் 28 பேர் யாரென்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.