ஆடுகளத்தில் அடங்கும் இளம் இதயங்கள்: பொறுப்பு யாருக்கு?

கொல்கத்தா: கொல்கத்தா கால்பந்து ரசிகர்கள் 2004 டிசம்பர் 5ஆம் தேதியை எளிதில் மறந்துவிடவில்லை. பெங்களூர் கண்டீரவா மைதானத்தில் அன்று ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். மோகன் பகானுக்கு எதிராக டெம்போ அணியின் இரண்டாவது கோலை அடித்த பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர், கோல் கீப்பருடன் மோதிக் கீழே விழுந்தார், பிழைக்கவில்லை. அவருக்கு வயது 25. முந்தைய பருவத்தில் தேசிய லீக் பட்டம் வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் ஆடி, இந்நகரின் அன்பைப் பெற்றவர் அவர். மைதானத்தில் உரிய மருத்துவ ஏற்பாடு இருந்ததா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஆனால் விவாதமோ கோல் கீப்பர் மீது பழி சுமத்துவதிலேயே சுழன்றது.

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சில வார இடைவெளியில், கொல்கத்தாவில் இருபது வயதைத் தாண்டிய இரு கிளப் கிரிக்கெட் வீரர்கள் மைதானத்தில் சுருண்டு விழுந்து இறந்தனர். அவர்களை எவரும் இடிக்கவில்லை.

இத்தகைய மரணங்களை 'மாரடைப்பு' என்று எழுதிவிடுவது பத்திரிகைகளின் வழக்கம். இந்த நிருபரும் அப்படி எழுதியதுண்டு. மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் செல்லும் குழாய் அடைபடுவது. இளம் வீரர்களிடம் பெரும்பாலும் நிகழ்வது வேறு: இதயத்தின் மின்னோட்டம் தடுமாறி, துடிப்பே நின்றுபோகிறது. இதயத் தசை பிறவியிலேயே தடித்திருப்பது, மின்னோட்டக் கோளாறு, ரத்தக் குழாய் தவறான இடத்தில் அமைந்திருப்பது ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள். நெஞ்சில் விழும் பலத்த அடியும் சில நேரங்களில் துடிப்பை நிறுத்திவிடும். ஓடும்போது மயக்கம், குடும்பத்தில் இளவயது மரணம் ஆகியவை முன்னெச்சரிக்கைகள். பலருக்கு அதுவும் இருப்பதில்லை.

போட்டிகளில் ஆடுவோருக்கு இ.சி.ஜி. உள்ளிட்ட பரிசோதனையை 1982லேயே இத்தாலி கட்டாயமாக்கியது. அங்குள்ள வெனெட்டோ பகுதியில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.6 ஆக இருந்த வீரர்களின் திடீர் மரணம், சுமார் 25 ஆண்டுகளில் 0.4 ஆகக் குறைந்தது. ஆனால் இஸ்ரேலில் இதேபோன்ற சட்டத்தால் பெரிய பலன் தெரியவில்லை என்று பின்னர் ஓர் ஆய்வு கூறியது. எனவே பரிசோதனை பற்றி மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

நின்ற இதயத்தை மின் அதிர்ச்சியால் மீட்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவி குறித்து அத்தகைய வேறுபாடு இல்லை. தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் உயிர் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது. 2021 யூரோ கோப்பையில் சரிந்து விழுந்த டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், மைதானத்திலேயே நெஞ்சழுத்தமும் மின் அதிர்ச்சியும் தரப்பட்டதால் பிழைத்தார். மீண்டும் களமிறங்கவும் செய்தார். கொல்கத்தாவின் நெரிசலில் ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருப்பது வீரருக்குக் கட்டுப்படியாகாது.

அப்படியானால் கருவியை வாங்கி வைக்க வேண்டியவர் யார்? கொல்கத்தா மைதான் நிலம் ராணுவத்தின் பொறுப்பில் உள்ளது, கூடாரம் கிளப்புடையது, போட்டி சங்கத்துடையது. விளையாட்டோ அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில், 33ஆவது இனத்தில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வாரியம், தீர்ப்பாயம், சம்மேளனத் தேர்தல் ஆகியவற்றை விரிவாகப் பேசுகிறது. அதன் மையம் சம்மேளனங்களின் நிர்வாகம்தான். கிளப் மைதானத்தின் முதலுதவிப் பெட்டி அல்ல.